எட்டு வீட்டு வளவு

திருநெல்வேலி டவுணில் 'வளவு' என்றொரு சொல் வழங்குகிறது. வீடு, வீட்டைச் சூழ்ந்த இடம் என்று அகராதிகள் அதற்குப் பொருள் சொல்லும். எங்கள் ஊரில் அது அத்தனை பொதுவான சொல் அல்ல. தெருவைப் பார்த்து ஒரே ஒரு கதவு. உள்ளே நுழைந்தால் நீளமான நடை. நடையின் இரு பக்கமும் ஒன்றையொன்று பார்த்தபடி சின்னச் சின்ன வீடுகள். கடைசியில் கிணறு, துவைகல், அதற்கும் அப்பால் புறவாசல். இவ்வளவும் சேர்ந்தது வளவு. சொந்தக்காரர் ஒருவர், குடியிருப்போர் ஆறு, எட்டு, சில வளவுகளில் பதினைந்து குடும்பங்கள். சென்னையில் ஒண்டுக்குடித்தனம் என்பார்கள், மதுரையில் காம்பவுண்டு என்பார்கள். இரண்டும் ஏறத்தாழ இதுவே என்றாலும் முழுக்க இது அல்ல என்று நெல்லைக்காரர்கள் சாதிப்பார்கள். நானும் சாதிப்பேன், காரணம் கேட்டால்தான் சிரமம்.

வண்ணதாசன், வண்ணநிலவன் கதைகளில் தோய்ந்த நண்பர்களுக்கு நான் இதைச் சொல்லவேண்டியதில்லை. கலாப்ரியாவின் 'நினைவின் தாழ்வாரங்கள்' படித்தவர்களும் இந்தத் தெருக்களின் முடுக்குகளில் என்னைவிடத் தேர்ச்சியோடு நடப்பார்கள். டவுணின் நான்கு ரதவீதிகளும் அவற்றிலிருந்து பிரியும் சந்துகளும் தமிழ்ச் சிறுகதையில் பெற்றிருக்கும் இடம், இந்த அளவுள்ள வேறொரு நகரத்துக்குக் கிடைத்திருக்குமா என்பது ஐயமே. 2011 கணக்கெடுப்பின்படி நாலே முக்கால் லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மக்கள்தொகை. 1994இல் மாநகராட்சியானது. பெரிய ஊரும் அல்ல, சிறிய ஊரும் அல்ல. இந்த இடைப்பட்ட அளவே அதன் எழுத்தாளர்களுக்கு வாய்ப்பாக இருந்திருக்கலாம். ஒரு தெருவின் கதை ஊர் முழுக்கத் தெரிந்துவிடாது, தெருவுக்குள் தெரியாமலும் போகாது.

நான் எழுத வந்தது கதைகளைப் பற்றியல்ல. நான் பிறந்து வளர்ந்த வளவு சென்ற ஆண்டு கைமாறியது. இப்போது தகரத் தட்டிகளால் அடைத்திருக்கிறார்கள். அந்தக் கைமாற்றத்தில் ஓர் எண்பத்திரண்டு வயதுப் பெண்மணிக்கு வீடு தேடி மூன்று மாதம் அலைந்தோம். அதைச் சொல்வதற்கு முன் வளவைச் சொல்லவேண்டும்.

எங்கள் வளவில் எட்டு வீடுகள். ரதவீதி ஒன்றிலிருந்து பிரியும் முடுக்கில் இருந்தது. முடுக்கு என்றால் எதிரே சைக்கிள் வந்தால் நாம் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய அகலம். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் மரஅழி போட்ட தார்சா, பிறகு பட்டாசல், அதற்குப் பின் அடுக்களை. அடுக்களையின் மூலையில் அங்கணம். மொத்தம் இவ்வளவுதான். மேலே கட்டைகுத்திய மச்சு. அதற்கு மேல் எட்டு வீட்டுக்கும் பொதுவான தட்டட்டி. கோடையில் ஆண்களும் பிள்ளைகளும் தட்டட்டியில் படுப்போம். வத்தல் காயப்போடும் நாட்களில் யாருடைய கூழ்வத்தல் எந்த மூலையில் என்பதற்கு எழுதப்படாத எல்லைகள் இருந்தன. எல்லை மீறிய பூசல்களும் இருந்தன. ஒரு முறை இரண்டு வீடுகள் மோர்மிளகாய் காரணமாக ஏழு மாதம் பேசாமல் இருந்தன. பேசாமல் இருந்த அந்த ஏழு மாதத்திலும் ஒரு வீட்டின் வாளியை இன்னொரு வீடு எடுத்துப் புழங்கிக்கொண்டுதான் இருந்தது.

கிணறுதான் வளவின் மையம். சதுரக் கிணறு, கருங்கல் கட்டு, இரண்டு கப்பிகள். தண்ணீர் சற்று உப்பு. பருப்பு வேகாது, ஆகவே குடிக்கவும் சமைக்கவும் தெருக்குழாய், மற்ற எல்லாவற்றுக்கும் கிணறு. விடியலில் முதலில் இறைப்பவள் மூன்றாம் வீட்டு ஆச்சி. கப்பியின் கிரீச்சொலி கேட்டதும் அம்மா எழுந்துகொள்வாள். "ஆச்சி எந்திச்சாச்சு" என்பதே எங்கள் வீட்டில் மணி ஐந்து ஆனதற்குப் பொருள். கப்பிக்கு எண்ணெய் போடச் சொல்லிப் பல ஆண்டுகள் எல்லாரும் சொன்னார்கள். ஆச்சி போடவிட்டதில்லை. சத்தம் இல்லாமல் இறைத்தால் யாரோ திருட்டுத்தனமாக இறைப்பதுபோல் இருக்கிறதாம்.

ஆச்சி எனக்கு உறவு அல்ல. வளவில் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு முறை. தையல்காரர் அண்ணாச்சி, பால்பண்ணை மாமா, டைப் அடிக்கப் போகும் அக்கா. உறவுமுறைகளின் கணக்கு எங்கும் ஒத்துவராது. அம்மா அத்தை என்று அழைப்பவரை அப்பா மதினி என்பார். இலக்கணப் பிழைகள் நிறைந்த அந்த உறவுப் பட்டியலை யாரும் திருத்த முனைந்ததில்லை.

இனி, இத்தகைய கட்டுரைகளில் வழக்கமாக விட்டுவிடப்படும் சிலவற்றையும் சொல்லிவிடவேண்டும். வளவின் புறவாசல் ஒரு குறுகிய சந்தில் திறக்கும். அந்தச் சந்துக்கு வேறு பயன் இல்லை. எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்தில் மலம் அள்ள வருபவர்கள் அவ்வழியாகத்தான் வரவேண்டும், முன்வாசல் வழியாக வரக்கூடாது. இதற்கென்றே நகரத்தின் நல்ல பாதி இரட்டைத் தெருக்களோடு கட்டப்பட்டது. முன்னால் கோலம் போட்ட தெரு, பின்னால் பெயரில்லாத தெரு. எனக்கு நினைவு தெரிந்தபோது எங்கள் வளவில் அது மாற்றப்பட்டிருந்தது. நாடு அதைச் சட்டமாகத் தடை செய்தது 1993இல்தான். குடிவைப்பதிலும் அப்படியே. எட்டு வீட்டில் யார் யார் இருக்கலாம் என்பதற்கு வளவுக்காரரிடம் ஒரு கணக்கு இருந்தது. அந்தக் கணக்குக்கு வெளியே இருந்தவர்கள் வீடு காலி என்று கேள்விப்பட்டும் வந்து கேட்கமாட்டார்கள், ஏனெனில் விடை முன்பே தெரியும். உள்ளே இருந்த பெண்களுக்கோ எட்டு வீட்டின் காதுகளுக்கு நடுவே ஒரு வாய்விட்டு அழுகைகூட வாய்க்காது. டைப் அடிக்கப் போன அக்கா எத்தனை மணிக்குத் திரும்பினாள் என்பதை எட்டுத் தார்சாக்களும் குறித்துக்கொண்டன. வளவு உடைந்தபோது அவள் ஒரு சொட்டுக் கண்ணீரும் விட்டிருக்கமாட்டாள். விடவேண்டிய கட்டாயமும் இல்லை.

நாங்கள் 1997இல் வெளியேறினோம். அப்பா பள்ளி ஆசிரியர், கூட்டுறவுச் சங்கக் கடனில் மேற்கே ஒரு மனை வாங்கிக் கட்டினார். 'நகர்' என்று முடியும் பெயருடைய குடியிருப்பு. அதற்கு முன் அது வயல். சுத்தமல்லி அணையில் பிரிந்துவரும் திருநெல்வேலிக் கால்வாயின் கிளை ஒன்று பாய்ந்த வயல் என்று பக்கத்து நிலத்தில் இன்னும் உழுதுகொண்டிருந்த முதியவர் சொன்னார். வாய்க்கால் எங்கே என்று கேட்டேன். நாங்கள் நின்றுகொண்டிருந்த தார்ச்சாலையைக் காட்டினார்.

வகுப்பில் இலக்கணப்போலி நடத்தும்போதெல்லாம் இந்த நினைவு வந்துவிடும். இல்முன் என்பது முன்றில் என்று மாறியது, கால்வாய் வாய்க்கால் ஆயிற்று, நகர்ப்புறம் புறநகர் ஆயிற்று என்று மூன்று எடுத்துக்காட்டுகளையும் தலைமுறை தலைமுறையாகக் கரும்பலகையில் எழுதிவருகிறோம். முன்பின் தொக்க சொற்கள். இவற்றில் 'புறநகர்' மட்டுமே மாணவர்களுக்கு விளக்கமின்றி விளங்குகிறது. பாதிப்பேர் அங்கிருந்துதான் வருகிறார்கள். வாய்க்காலைச் சாக்கடை என்று நினைத்துக்கொள்கிறார்கள், அதுவும் தவறில்லை. முன்றிலுக்கு நான் படம் போட்டுக் காட்டவேண்டியிருக்கிறது. இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு மாணவி எழுந்து, "கார் நிறுத்துற இடமாங்க ஐயா?" என்று கேட்டாள். நான் யோசித்துப் பார்த்து, ஆமாம் என்றேன்.

புதிய வீட்டில் எங்களுக்குத் தனிக் குழாய், தனிக் கழிப்பறை, சுற்றுச்சுவர், இரும்புக் கதவு. அம்மா முதல் மாதம் முழுக்க ஓர் அரசியைப்போல நடமாடினாள். இரண்டாம் மாதத்திலிருந்து வாரம் ஒருமுறை பேருந்தேறி வளவுக்குப் போகத் தொடங்கினாள். காய்கறி டவுணில்தான் மலிவு என்பது காரணம். ஆச்சி வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்து மூன்று மணி நேரம் பேசிவிட்டு அரைக்கிலோ கத்தரிக்காயோடு திரும்புவாள்.

வளவு மெல்ல மெல்லக் காலியாயிற்று. யாரும் துரத்தவில்லை. பிள்ளைகள் சென்னைக்கும் கோவைக்கும் போனார்கள். மற்றவர்கள் எங்களைப்போல் மனை வாங்கினார்கள். புதிய பேருந்து நிலையம் 2003இல் வேய்ந்தான்குளத்துக்குப் போனபோது, ஊரின் எடை ஆற்றுக்கு அந்தப் பக்கம் சாய்ந்தது. குளம் என்ற பெயரைப் பேருந்தின் பலகையில் மட்டும் வைத்துக்கொண்டோம். 1924இல் டவுணில் தொடங்கிய ஆரெம்கேவி இன்று வண்ணார்பேட்டையில் மாளிகையாக நிற்கிறது. கல்யாணச் சேலைக்கு இப்போது கூட்டம் அங்குதான். டவுணுக்கு மிஞ்சியவை நெல்லையப்பர், பாத்திரக் கடைகள், மாலையில் திறக்கும் அல்வாக் கடையின் வரிசை, ஆனித் தேர். தேருக்கு மட்டும் பழைய குடிகள் அனைவரும் வருவார்கள். வடம் தொட்டுவிட்டு ஆச்சி வீட்டில் மோர் குடிப்பார்கள்.

இடையில் தெருவும் உயர்ந்தது. இதை யாரும் கவனிப்பதில்லை என்பதால் சற்று நின்று சொல்கிறேன். நான் சிறுவனாக இருந்தபோது முடுக்கிலிருந்து வளவுக்குள் போக இரண்டு படி ஏறவேண்டும். ஒவ்வொரு முறை சாலை போடும்போதும் பழையதைச் சுரண்டாமல் அதன்மேலேயே போட்டார்கள். முதலில் ஒரு படி மறைந்தது, பிறகு இரண்டாவது. பழைய சாலையைச் சுரண்டிவிட்டே புதியது போடவேண்டும் என்று தலைமைச் செயலாளர் ஆணையிட்டது 2021 மே மாதத்தில். அதற்குள் எங்கள் வளவுக்கு ஒரு படி இறங்கவேண்டியதாகிவிட்டது. மழைக்காலத்தில் வாருகால் நீர் உள்ளே வராமலிருக்க ஆச்சி வாசலில் செங்கல் வைத்துச் சிமெண்டு பூசிக்கொண்டாள். 2017இல் நம் ஊர் ஸ்மார்ட் சிட்டித் திட்டத்துக்குத் தேர்வான செய்தி வந்தபோது ஆச்சி கேட்ட ஒரே கேள்வி, "ரோட்டக் கொஞ்சம் தாத்துவாவளா?" என்பது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். அன்றும் மறுநாளும் தென்மாவட்டங்களில் பெய்த மழையை நண்பர்கள் செய்தியில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர். தாமிரபரணி பெருகி ஜங்ஷன் பகுதி மூழ்கியது. குறுக்குத்துறை முருகன் கோயில் ஒவ்வொரு வெள்ளத்திலும் மூழ்கும், மூழ்கி எழும்படியே கட்டப்பட்டது. அதனால் அதைப்பற்றி யாருக்கும் பதற்றம் இல்லை. பதற்றமெல்லாம் மூழ்கக் கூடாத இடங்களைப் பற்றி. எங்கள் 'நகரி'ல் திங்கட்கிழமை காலை முழங்காலளவு நீர் நின்றது. அது ஆற்று வெள்ளம்கூட அல்ல. தன் பழைய வழியைத் தேடிவந்த வாய்க்கால். தார்ச்சாலையின் வளைவுகளையெல்லாம் பிசகாமல் பின்பற்றி வந்தது, அல்லது சாலைதான் இத்தனை நாளும் அதைப் பின்பற்றிக்கொண்டிருந்தது. அப்பா இருந்திருந்தால் அந்த முதியவரை நினைத்துக்கொண்டிருப்பார்.

அம்மாவை அழைத்துக்கொண்டு நடந்தே டவுணுக்குப் போனேன். எங்கே போவது என்று நாங்கள் பேசிக்கொள்ளவேயில்லை. கால்கள் அங்கேதான் போயின. வளவில் அப்போது ஆச்சியும், கடைக்கோடி வீட்டில் பாத்திரக்கடைக் கிட்டங்கி ஒன்றும்தான். நடையில் வாருகால் நீர் கணுக்காலுக்கு நின்றது, செங்கல் தடுப்பு வீட்டைக் காத்திருந்தது. நான்கு நாட்கள் அங்கிருந்தோம். மின்சாரம் இல்லை. ஆற்றுக்குள் இருந்த குடிநீர்த் திட்டங்கள் வெள்ளத்தில் பழுதானதால் குழாயிலும் நீர் இல்லை. ஊரெங்கும் தண்ணீர், குடத்தில் நீரில்லை என்ற நிலை. முடுக்கில் ஆழ்துளைக் கிணறு வைத்திருந்த வீடுகளுக்கும் மின்சாரமின்றி மோட்டார் ஓடாது.

மூன்றாம் நாள் காலை வளவின் வாசலில் பதினைந்து குடங்கள் வரிசையில் இருந்தன. கப்பியும் கயிறும் உள்ள கிணறு அந்த முடுக்கில் அது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. மாடி வீட்டுப் பையன்கள் இறைக்கத் தெரியாமல் கயிற்றைக் கைநழுவவிட்டு இரண்டு வாளிகளை உள்ளே போட்டார்கள். ஆச்சி துவைகல்லின்மேல் உட்கார்ந்து, "தம் பிடிச்சு இழுக்காதடே, கால மாத்திப் போடு" என்று பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். குடிப்பதற்கல்ல, கொதிக்க வைத்தால் பார்க்கலாம் என்று எல்லாருக்கும் சொல்லி அனுப்பினாள். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் அந்த வளவுக்குள் அதற்கு முன் காலெடுத்து வைத்ததில்லை. அவர்களில் எத்தனைபேர் பழைய கணக்குப்படி வரக்கூடியவர்கள் என்று நான் எண்ணிப் பார்த்தேன். ஆச்சி எண்ணியதாகத் தெரியவில்லை, அல்லது எண்ணியும் காட்டிக்கொள்ளவில்லை. அவள் வளர்ந்த காலத்தை நினைத்தால் எண்ணியிருப்பாள் என்றே தோன்றுகிறது.

அடுத்த ஆண்டு விற்பனைப் பேச்சு வந்தது. பழைய வளவுக்காரர் இறந்து நெடுங்காலமாயிற்று. பேரன் பேத்திகள் பல ஊர்களில். பத்திரத்துக்குப் பதினொரு கையெழுத்துகள் தேவைப்பட்டன. பதினொரு பேரும் ஒரே நாளில் ஊருக்கு வந்ததே தேருக்குக் கூடியதுபோல இருந்தது என்றாள் அம்மா. அவர்கள் கொடுமைக்காரர்கள் அல்லர். ஆச்சிக்கு ஆறுமாதம் தவணை தந்தார்கள், கையில் ஒரு தொகையும் தருவதாகச் சொன்னார்கள். ஒரு பேத்தி ஆச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

வழக்கறிஞரான என் பழைய மாணவர் ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன். 1960ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்தவரை வழக்கு நீளும், அந்த நீளமே குடியிருப்போருக்கு ஒரு பாதுகாப்பு. 2017இன் புதிய சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி வாடகை உடன்படிக்கை எழுத்தில் இருக்கவேண்டும், பதிவாகவேண்டும். உடன்படிக்கை செய்துகொள்ளாமையே காலி செய்யச் சொல்வதற்கு ஒரு காரணமாகும். அறுபதாண்டுகளாக மாதம் பிறந்தால் முந்தானையில் முடிந்து கொண்டுபோய்க் கொடுத்த வாடகைக்கு ஆச்சியிடம் இருந்தவை சில பழைய கோடுபோட்ட நோட்டுகளும் அவற்றில் வளவுக்காரரின் சுருக்கொப்பங்களும். நான் அவற்றைப் புரட்டினேன். முதல் நோட்டில் வாடகை ஒன்பது ரூபாய். "வழக்கெல்லாம் வேண்டாம்யா" என்றாள் ஆச்சி. "அந்தப் பிள்ளைகளுக்கு நான் பாலூத்தி வளத்திருக்கேன். அதுக கூடப் போயி கோட்டுல நிக்கவா?"

மகள் கோவையில் இருக்கிறார். அங்கே போகலாம், போகமாட்டாள். மருமகன் நல்லவர்தான், வீடு நாலாவது மாடி. இது ஒரு காரணம். இன்னொன்றை அவள் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. எங்கள் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னோம். "தண்ணி வந்த வீடு" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டாள்.

ஆக, வீடு தேடினோம். டவுணிலேயே வேண்டும், தரைத்தளம் வேண்டும், கோயில் மணி கேட்கவேண்டும், வாடகை அவளுக்குக் கட்டவேண்டும். முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய், மகள் அனுப்பும் பணம், பூக்கட்டிக் கிடைப்பது சிறிது. மூன்று மாதம் மாலை வகுப்புகள் முடிந்ததும் நானும் அம்மாவும் முடுக்கு முடுக்காகப் போனோம். அப்போதுதான் பிறந்த ஊரை முதன்முறையாக முழுக்கப் பார்த்தேன். வளவுகள் இருந்த இடங்களில் ஒடுங்கிய மூன்றுமாடி வீடுகள். தரைத்தளத்தில் கடை அல்லது கிட்டங்கி, மேலே குடித்தனங்கள். மாடிப்படி ஓராள் அகலம். தரகர்கள் நான்கு கேள்விகள் கேட்டார்கள். எத்தனை பேர், என்ன வேலை, எந்த ஆளுக, சைவமா அசைவமா. இந்த நான்குக்கும் ஆச்சியின் விடைகள் பழைய டவுணில் எந்தக் கதவையும் திறந்திருக்கும். ஐந்தாவதாக வயதைக் கேட்டார்கள். கதவுகள் மூடிக்கொண்டன.

ஒரு வீட்டம்மா மட்டும் ஒளிக்காமல் சொன்னார். "கோவிச்சுக்கிடாதீங்க சார். மாடியில வச்சு ஒண்ணு ஆயிட்டுன்னா, இந்தப் படி வழியா எப்படி இறக்க? கீழ வச்சாலும் கடைக்காரன் சம்மதிக்க மாட்டான். எங்க மாமனாருக்கே அன்னைக்கு அம்புட்டுக் கஷ்டப்பட்டோம்." நான் படியைப் பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. வளவில் ஒரு சாவு விழுந்தால் உடலை நடையில் கிடத்துவார்கள். எடுக்கும்வரை எட்டு வீட்டிலும் அடுப்பு எரியாது. பசியெடுக்கும் பிள்ளைகளை வேறு தெருவுக்கு அனுப்பிவிடுவார்கள். இறப்பதற்கும் இடம் விட்டுக் கட்டிய வீடுகள் அவை. இப்போதைய மனைக்கணக்கில் அந்த நீள அகலத்துக்கு யார் பணம் கொடுப்பது?

இதைக் கேட்டு அம்மா வழி நெடுக அழுதுகொண்டு வந்தாள். ஆச்சியிடம் சொல்லவேண்டாம் என்றாள். ஆச்சிக்கு முன்பே தெரிந்திருந்தது. "எவன் வச்சுக்கிடுவான்? அவனும் பொழைக்கணும்லா" என்றாள்.

கடைசியில் வீடு கிடைத்தது டவுணில் அல்ல, பேட்டைப் பக்கம். என்னோடு பணிபுரியும் கணிதப் பேராசிரியரின் உறவினர் வீடு. பின்கட்டில் ஓர் அறை, தனி வாசல், முன்னால் ஒரு முருங்கைமரம். அந்த வீட்டுப் பெண்மணியின் தாயார் கடைசிவரை இருந்த அறை. "எங்க உம்மா மௌத்தானதுக்குப் பிறகு பூட்டியேதான் கெடக்கு" என்றார். பிறகு சற்றுத் தயங்கி, தாங்கள் கறி சமைப்பவர்கள், வாசனை வரும், பெரியம்மாவுக்கு ஒத்துவருமா என்று அவரே கேட்டார். ஆச்சி அறையின் சன்னலைத் திறந்து மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வரட்டும் தாயி. நான் மூக்கப் பொத்திக்கிடுதேன்" என்றாள். அந்தப் பெண்மணி சிரித்துவிட்டார். எங்கள் எட்டு வீட்டு வளவில் இவருடைய குடும்பம் வந்து வீடு கேட்டிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதை நினைத்தபடி நான் முருங்கைமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அம்மாவுக்கு உள்ளூரச் சம்மதமில்லை. இன்றும் முழுச் சம்மதமில்லை. ஆச்சி போகத் தயாரானபின் அவள் சொல்ல ஒன்றுமில்லாமல் போயிற்று.

காலி செய்த அன்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு குட்டியானை வண்டி போதுமாயிருந்தது. இரண்டு டிரங்குப் பெட்டி, சாமிப்படங்கள், பித்தளைச் சருவம், குத்துப்போணி, தோண்டி. ஆட்டுரலை விட்டுவிட்டு அம்மிக்குழவியை மட்டும் எடுத்துக்கொண்டாள், அம்மி இல்லாமல் குழவி எதற்கு என்று வண்டிக்காரர் கேட்டதற்கு விடை சொல்லவில்லை. நான் கப்பியைக் கழற்றித் தரட்டுமா என்று கேட்டேன். "கிணறு இல்லாத எடத்துல அத வச்சு என்ன செய்ய?" என்றாள் எரிச்சலாக. குழவிக்கும் கப்பிக்கும் உள்ள வேறுபாடு எனக்கு இதுவரை விளங்கவில்லை. கிணற்றை இடித்த கட்டிட மண் கொண்டே நிரப்பிவிட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த முடுக்கில் யாருக்கும் அதைப்பற்றி ஒரு சொல் இல்லை. 2023இல் குடத்தோடு நின்றவர்களில் இரண்டு பேர் மோட்டாருக்கு இன்வர்ட்டர் போட்டுவிட்டார்கள்.

பேட்டையில் ஆச்சி நன்றாகத்தான் இருக்கிறாள். ஐந்து மணிக்கு எழுந்து குழாயைத் திறக்கிறாள். சத்தம் வருவதில்லை, ஆகையால் வாளியைச் சற்று ஓங்கி வைக்கிறாளாம். அந்த வீட்டுப் பெண்மணிதான் சொன்னார், புகாராக அல்ல. அவரும் அந்நேரம் தொழுகைக்கு எழுபவர்.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. குடும்ப அட்டையிலும் ஆதாரிலும் இருப்பது வளவின் முகவரி. மாற்றுவதற்குப் புதிய வீட்டின் வாடகை உடன்படிக்கையைக் கேட்கிறார்கள். எழுதித்தர வீட்டுக்காரருக்குத் தடையில்லை. ஆச்சிதான் கைநாட்டு வைக்க மறுக்கிறாள். "எழுதினா வாடகைக்காரி ஆயிருவேன்லா, இப்ப சும்மால்ல இருக்கேன்" என்கிறாள். 2020 முதல் மாநிலத்தின் எந்த நியாயவிலைக் கடையிலும் பொருள் வாங்கலாம், பேட்டையிலேயே கடை இருக்கிறது என்று பலமுறை சொல்லியாயிற்று. பழைய கடையில் எடை போடும் பையன் தெரிந்தவன் என்று மாதந்தோறும் டவுணுக்கே போகிறாள். அம்மா துணைக்குப் போவாள். தகரத் தட்டியைத் தாண்டித்தான் கடைக்குப் போகவேண்டும். இருவரும் அப்போது என்ன பேசிக்கொள்வார்கள் என்று எனக்குத் தெரியாது. இந்த மாதம் அம்மாவுக்கு முட்டுவலி. அரிசியும் பருப்பும் வந்துவிட்டதாகக் கடையிலிருந்து ஆள் சொல்லிவிட்டான். வியாழக்கிழமை பிற்பகல் எனக்கு இரண்டு வகுப்புகள், மாற்றிப் போட்டுத் தரும்படி கணிதப் பேராசிரியரைக் கேட்டிருக்கிறேன்.